வைக்கோல் கொட்டகைப் பாட்டு

‘ஷ்டாடல்’ என்றால் ஆஸ்திரிய, பவேரியப் பேச்சுவழக்கில் வைக்கோல் போட்டுவைக்கும் மரக் கொட்டகை. 1981-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மூசிகான்டன்ஷ்டாடல்’ இசை நிகழ்ச்சி அந்தக் கொட்டகையைப் பெரிய அரங்குகளுக்குள் கொண்டுவந்தது. நீண்ட மேசைகள், பித்தளை ஊதுகருவிகள், அக்கார்டியன், நடுவே கலகலப்பாகத் தொகுப்பாளர் கார்ல் மோய்க். தாளம் பிடிபட்டதும் கூட்டமே கைதட்டும். முன்பின் தெரியாதவர்களும் கைகோத்து இடமும் வலமும் அசைவார்கள். சர்க்கரை கூடிப்போன இசை என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கொட்டகையோ 1988-இல் மாஸ்கோவுக்கும் 1999-இல் பெய்ஜிங்குக்கும் போய்வந்தது. 2005 வரை மோய்க் தொகுத்தார், பிறகு 2015 வரை ஆண்டி போர்க். எனக்குப் பிடித்தது அந்த அசைவுதான்: பாடத் தெரியாதவருக்கும் பாட்டுக்குள் ஓர் இடம் உண்டு.