பெலினியின் படப்பிடிப்பாளனும் நமது கைத்தொலைபேசியும்

நடிகரையோ பாடகரையோ கிரிக்கெட் வீரரையோ பொது இடமொன்றிற் காண நேர்ந்தால் எவ்வாறு நடந்துகொள்வது என்பது பற்றி இன்று பலரும் அறிவுரை கூறுகின்றனர். உணவருந்தும் வேளையில் நெருங்கலாகாது; பிள்ளைகளுடன் நிற்கையிற் படம்பிடிக்கலாகாது; அனுமதி கேட்ட பின்னரே கமெராவை உயர்த்த வேண்டும்; மறுத்தால் நன்றி கூறி விலக வேண்டும். இவை யாவும் நல்ல விதிகளே. ஆயினும், இவ்விதிகளை அறியாமையினாலேதான் மக்கள் நெறி தவறுகின்றனர் என்று கொள்வது பிரச்சினையை மிக எளிதாக்கிவிடுவதாகும். அயல்வீட்டார் உணவருந்தும்போது நாம் சன்னலூடாக எட்டிப் பார்ப்பதில்லை. இந்நாகரிகத்தை நமக்கு எவரும் அச்சிட்டுத் தந்ததில்லை. அவ்வாறிருக்க, திரையிற் பார்த்த முகமொன்றைத் தெருவிற் கண்டதும் அதே மனிதர் அதனை மறந்துவிடுவது ஏன்?

இவ்வினாவை எழுப்பிய கலைப்படைப்புகளுள் முதன்மையானது இத்தாலிய நெறியாளர் பெடரிக்கோ பெலினியின் 'லா டோல்சே வீட்டா'. 'இனிய வாழ்வு' என்பது அதன் பொருள். 1960இல் வெளிவந்து, அவ்வாண்டிலேயே கான் திரைப்பட விழாவின் உயர் பரிசைப் பெற்ற படம் அது. பிரபலமானோரைத் துரத்திப் படம்பிடிப்போரை உலகம் இன்று 'பாப்பராட்சி' என்று அழைக்கின்றதே, அச்சொல் இப்படத்தில் வரும் பாப்பராட்சோ என்னும் படப்பிடிப்பாளனின் பெயரிலிருந்து பிறந்ததாகும். படமொன்றின் துணைப்பாத்திரம் பல மொழிகளுக்குப் பொதுப்பெயராவது அரிது. தான் வாழும் சமுதாயத்திலே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த மனித வகையொன்றைக் கலைஞன் சரியாக இனங்கண்டான் என்பதற்கு இதனிலும் மேலான சான்று வேண்டுவதில்லை.

கதையின் நாயகன் மார்செல்லோ ஒரு பத்திரிகையாளன். றோம் நகரின் உல்லாசிகள் கூடும் வீயா வெனெற்றோ வீதியில் வம்பு பொறுக்கி விற்பது அவன் தொழில். சில்வியா என்னும் நடிகை விமானத்தில் வந்திறங்கும் காட்சியைப் பாருங்கள். கீழே படப்பிடிப்பாளர் கூட்டம் கூச்சலிட, அவள் படிக்கட்டில் நின்று விதம்விதமாகத் தோற்றம் காட்டுகிறாள். பெரியதொரு பீட்சா அவள் முன் நீட்டப்படுகிறது. அவள் அதனைக் கடிப்பதும் படமாகிறது. இங்கே அத்துமீறல் எதுவுமில்லை. நடிகைக்கு விளம்பரம் வேண்டும், படப்பிடிப்பாளருக்குக் கூலி வேண்டும். இரு சாராரும் ஒப்பிய வியாபாரம் இது. ஆனால் அதே சில்வியா ஓரிரவு முழுதும் மார்செல்லோவுடன் அலைந்துவிட்டு விடியலில் விடுதிக்குத் திரும்புகையில் நிகழ்வது வேறு. அவளது காதலன் காருக்குள்ளே உறங்கிக் கிடக்கிறான். படப்பிடிப்பாளர் உறங்குபவனையும் படம்பிடிக்கின்றனர். அவன் விழித்தெழுந்து அவளை அறைகிறான். மார்செல்லோவை அடித்து வீழ்த்துகிறான். சுற்றி நிற்போர் எவரும் தடுக்கவில்லை. கமெராக்கள் மட்டும் மின்னுகின்றன.

இங்கே பெலினி கற்பனை செய்தது சிறிதே. தாட்சியோ செக்கியாரோலி என்னும் படப்பிடிப்பாளரை அழைத்து, அவரது அனுபவங்களைக் கேட்டறிந்தே அவர் இப்பாத்திரத்தைப் படைத்தார். செக்கியாரோலி றோமின் வறிய புறநகரொன்றிற் பிறந்தவர். தெருவிலே உல்லாசப் பயணிகளைப் படம்பிடித்துக் காசு பெற்று வாழ்க்கையைத் தொடங்கியவர். புன்னகைக்கும் நடிகையின் படத்திலும் பார்க்கச் சினந்து கையோங்கும் நடிகையின் படத்திற்கு வாராந்தப் பத்திரிகைகள் பன்மடங்கு விலை தருகின்றன என்பதை அவரும் அவர் கூட்டாளிகளும் விரைவிற் கண்டுகொண்டனர். அதன் பின்னர் சினத்திற்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, சினமூட்டினாற் போதும். சில்வியாவாக நடித்த அனிற்றா எக்பேர்க்கின் வீட்டு வாசல்வரை 1960இல் இத்தகையோர் துரத்திச் சென்றபோது, அவர் வில்லும் அம்பும் ஏந்தி வெளியே வந்து அவர்கள்மீது எய்தார். அக்காட்சியும் படமாகி விலைபோயிற்று. நியூயோர்க்கில் 1973இல் மார்லன் பிராண்டோ, றொன் கலெல்லா என்னும் படப்பிடிப்பாளரின் தாடையை உடைத்தார். அதன் பிறகு கலெல்லா தலைக்கவசம் அணிந்து பிராண்டோவைப் பின்தொடர்ந்தார். அத்தோற்றமும் புகழ்பெற்ற படமாயிற்று. அடித்தாலும் ஆதாயம், அணைத்தாலும் ஆதாயம் என்ற நிலையில் ஒழுக்க விதிகளுக்கு அங்கே என்ன வேலை?

இதே கலெல்லாவுக்கெதிராக ஜாக்குலின் ஒனாசிஸ் தொடர்ந்த எதிர்வழக்கில், அவரை 25 அடிக்குள்ளும் அவர் பிள்ளைகளை 30 அடிக்குள்ளும் அணுகலாகாது என 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரையறுத்தது. நாகரிகத்தை அடிக்கோலால் அளக்க வேண்டிய நிலைக்கு ஒரு சமுதாயம் வந்துவிட்டதை இத்தீர்ப்பு காட்டுகிறது. 1997 ஓகஸ்ட் 31இல் பாரிஸ் சுரங்கப் பாதையிலே இளவரசி டயானா மாண்ட வரலாற்றை யாவரும் அறிவர். சாரதியின் கவனயீனத்தோடு, பின்தொடர்ந்த வாகனங்களின் கவனயீனமும் அச்சாவுக்குக் காரணமென்று 2008இல் இலண்டன் மரண விசாரணையின் சான்றாயர் முடிவு கூறினர்.

பெலினியின் நோக்கிலுள்ள குறையையும் இவ்விடத்திற் சொல்லித்தானாக வேண்டும். படப்பிடிப்பாளரை அவர் பிணந்தின்னிக் கழுகுகளாகக் காட்டுகிறார். ஆனால் அவர்கள் கொணரும் இரையை விலைகொடுத்து வாங்கும் பத்திரிகை முதலாளிக்கு மூன்று மணி நேரப் படத்தில் முக்கியமான இடமில்லை. தெருவில் அலைபவனின் அநாகரிகம் நம் கண்முன் விரிகிறது. அவ்வநாகரிகத்திற்கு விலை நிர்ணயிப்பவன் திரைக்கு வெளியே தூய வெள்ளாடையுடன் இருந்துவிடுகிறான். செக்கியாரோலி பிற்காலத்திலே பெலினியின் படப்பிடிப்புத் தளங்களிலும் சோபியா லோறனின் சொந்தப் படப்பிடிப்பாளராகவும் பணியாற்றி, துரத்துந் தொழிலைக் கைவிட்டார் என்பது இங்கு கருதத்தக்கது. அவரது குணம் திடீரெனத் திருந்திவிட்டதென்று எவரும் சொல்லார். அவரது சீவியம் மாறிற்று.

இனி நமது பக்கம் வருவோம். இன்று கமெரா படப்பிடிப்பாளனிடம் மட்டும் இல்லை. யாவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. 2018 ஒக்ரோபரில் மதுரையில் விழாவொன்றுக்கு வந்த நடிகர் சிவகுமார், தம்மோடு சேர்த்துச் செல்பி எடுக்க முனைந்த இளைஞரொருவரின் கைத்தொலைபேசியைத் தட்டிவிட்டார். 2021 ஏப்ரல் 6ஆம் திகதி, வாக்களிக்கச் சென்ற நடிகர் அஜித் குமார், அனுமதியின்றி நெருங்கிப் படமெடுத்த இரசிகரின் கைத்தொலைபேசியைப் பறித்துப் பின்னர் திருப்பிக் கொடுத்தார். முன்னைய நிகழ்ச்சியே பெரும் வாதத்திற்கு இடமாயிற்று. கேளாமற் படமெடுத்தல் முறையா என்று சிவகுமார் எழுப்பிய வினா நியாயமானது. தட்டிவிட்டது நியாயமன்று. அதனை அவரே உணர்ந்து பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தமை பாராட்டுக்குரியது. ஆனால் இவ்விருவரையும் விட்டு மூன்றாமவரைப் பற்றி எவரும் பேசவில்லை. அக்காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேலிச் சொற்கள் சேர்த்து, கடல் கடந்தும் பரப்பினார்களே, அவர்களில் எத்தனை பேர் அவ்விளைஞரிடம் அனுமதி கேட்டனர்? நடிகருக்காவது தம் தரப்பைச் சொல்ல மேடையுண்டு. அவ்விளைஞரோ ஒரு நாளில் நாடறிந்த கேலிப்பொருளானார். அனுமதியின் அருமையைப் போதித்தவர்களே அதனை மீறினர்.

இரசிகனைத் திட்டுவது எளிது. முதற்காட்சிக்கு நுழைவுச்சீட்டு விற்றபோது, ஆளுயரத்திற்கும் மேலான உருவப்படங்களை நிறுத்தியபோது, அவற்றின்மீது பால் ஊற்றப்படுவதைச் செய்தியாக்கியபோது, 'இம்முகம் உனக்குரியது' என்றே அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. பல ஆண்டுகள் இவ்வாறு கற்பித்துவிட்டு, அம்முகம் எதிர்ப்பட்ட ஒரு கணத்தில் மட்டும் அவன் அடக்கமாக நிற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதில் ஒரு கபடம் உண்டு. பெலினி காலத்துப் படப்பிடிப்பாளனுக்குக் கூலியாவது கிடைத்தது. இன்றைய இரசிகன் கூலியின்றி உழைக்கிறான். அவன் எடுத்த படம் முகநூலிலோ இன்ஸ்டகிராமிலோ ஏறுகிறது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் உடைமைகள். அந்நிறுவனத்தின் வருவாயிற் பெரும்பகுதி விளம்பரத்தினால் வருவது. அன்று திரைக்கு வெளியே நின்ற முதலாளி இன்றும் வெளியேதான் நிற்கிறார்.

தமிழ் படித்தவர்கள் இதனை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். புகழ்பெற்றோரை அணுகும் முறையைப் பாடுபொருளாகக் கொண்ட ஓர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு, இன்ன வழியாற் செல், இன்னாரைக் காண் என்று நெறி கூறுவது. வள்ளலின் புகழைப் பாணனே சுமந்து திரிந்தான். பாணனின் பசியை வள்ளல் தீர்த்தான். அச்சமுதாயத்தை இலட்சிய உலகமாக நான் காட்ட வரவில்லை. பசித்தவன் பாடிப் பிழைக்க வேண்டியிருந்த உலகம் அது. ஆயினும் அங்கே காட்சி என்பது இருவழிப்பட்டது. அதியமான் தன்னை நேரிற் காணாமல் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. பொருள் சிறிதென்று அவர் மறுக்கவில்லை. தன் முகம் காணாமற் கொடுத்ததே குற்றம்.

செல்பி எடுக்கும் முறையை ஒருகால் உற்று நோக்குங்கள். எவரைக் காண ஆவலுற்று ஓடினோமோ, அவருக்கு நாம் முதுகைக் காட்டி நிற்கிறோம். நம் கண்கள் கையிலுள்ள சிறு கண்ணாடியில் நம்மையே பார்க்கின்றன. அவர் நம் தோளுக்குப் பின்னாலுள்ள ஒரு பொருள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நூல் வெளியீடொன்றுக்கு வந்திருந்த முதிய எழுத்தாளரை என் மாணவர் இவ்வாறு சூழ்ந்துகொண்டனர். ஏறக்குறைய அரை மணி நேரம் அவர் நின்றார். கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. பத்தாம் வகுப்புப் பாடநூலில் அவரது சிறுகதையைப் படித்தவர்கள் அவர்கள். அக்கதையைப் பற்றி ஒருவனும் ஒரு வினாவும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் பழக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெலினியின் படத்திலே என்னை உலுக்கிய காட்சி நடிகைகளைப் பற்றியதன்று. மார்செல்லோ பெரிதும் மதிக்கும் நண்பன் ஸ்ரைனர் தன் இரு குழந்தைகளையும் கொன்று தானும் மாய்ந்துவிடுகிறான். வெளியே சென்றிருந்த அவன் மனைவிக்கு ஏதுந் தெரியாது. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகையில், அவளை அடையாளங் காட்டப் பொலிசாருடன் மார்செல்லோ காத்து நிற்கிறான். படப்பிடிப்பாளர் கூட்டமும் காத்து நிற்கிறது. அவர்கள் ஓடிச் சூழ்ந்து படம் எடுக்க எடுக்க, அவள் திகைத்துச் சிரிக்கிறாள். என்னை நடிகை என்று எண்ணிவிட்டீர்களோ என்ற பாவனையில் கேட்கிறாள். உலகிலே அவளைத் தவிர யாவரும் அறிந்த செய்தி அவள் முகத்திற்கு வந்து சேரும் அக்கணத்திற்காகவே கமெராக்கள் குறிவைத்து நிற்கின்றன. நடிகைக்கு மறுக்கும் வலிமையுண்டு. வழக்குத் தொடரப் பணமுண்டு. வில்லெடுத்து எய்யவும் துணிவுண்டு. இப்பெண்ணுக்கு எதுவுமில்லை. நட்சத்திரங்களின் பின்னே ஓடிப் பழகிய கை, வீதியில் வரும் எவள் முகத்தையும் அவ்வாறே பறிக்கும் என்பதைப் பெலினி இங்கே காட்டிவிடுகிறார். படத்தில் அவருடைய மனிதாபிமானம் முழுமையாக வெளிப்படும் இடம் இதுவே. இதன் பின்னர் வரும் கேளிக்கைக் காட்சிகள் நீண்டு சலிப்பூட்டுகின்றன.

இக்காட்சியை நான் மறக்க முடியாமைக்கு நம் மண்ணிலும் ஒரு காரணம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அந்நாட்களில் அவர்களைக் காண அரசியல்வாதிகள் வந்தனர், வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வந்தனர், பத்திரிகையாளர் வந்தனர். வந்தவர்களெல்லாம் படம் எடுத்தனர். சிலர் அத்தாய்மாரின் அருகிலமர்ந்து தம்மையும் சேர்த்து எடுத்துச் சென்றனர். உலகறிந்த முகங்களாயினர் அத்தாய்மார். அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அவ்வாண்டிலே என் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நானும் அப்பந்தலுக்குச் சென்றேன். போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஒரு மாணவன் தன் கைத்தொலைபேசியை உயர்த்தி, முன்வரிசையிலிருந்த தாயொருவரைப் படம்பிடித்தான். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, என்னைப் படமெடுத்திட்டாய், சரி. என்ர கையிலை இருக்கிற படத்தை ஒருக்காப் பாத்தனியே?" என்று கேட்டார்.

அவன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டான். அருகே சென்று குந்தியிருந்து, சட்டமிட்ட அப்படத்தின் கீழே எழுதியிருந்த பெயரை வாசித்தான். அத்தாய் தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் திரும்பிவர எண்ணியிருந்த பஸ் அன்று எங்களை விட்டே போய்விட்டது.