நாணய வியாபாரியின் உரைகல்

1964ஆம் வருடம் பொறித்த அமெரிக்கக் கால் டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அடுத்த வருடம் சட்டம் போட்டு அந்த வெள்ளியை எடுத்துவிட்டார்கள். செம்பும் நிக்கலும் வந்தன. முகம் அதே வாஷிங்டன், மதிப்பும் அதே கால் டாலர். தங்கத்தின் கதை இன்னும் மோசம். 1933 முதல் 1974 கடைசி வரை சாதாரண ஆள் தங்கக்கட்டி வைத்திருந்தாலே குற்றம். சேகரிப்பாளர்களின் அரிய நாணயங்களுக்கு விலக்கு உண்டு. அந்தச் சின்ன சந்தில்தான் நாணய வியாபாரிகள் கடை போட்டார்கள். முத்திரை ஒன்று சொல்ல, தராசு வேறொன்று சொல்வதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அரசின் மேல் எப்படி நம்பிக்கை வரும்?

ஆர். டபிள்யூ. பிராட்ஃபோர்டு அப்படி ஒருவர். மிச்சிகனின் லான்சிங் நகரில் நாணயக் கடை நடத்தியவர். பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்ட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, 1987இல் ‘லிபர்ட்டி’ இதழைத் தொடங்கினார். 2005இல் இறக்கும்வரை அதன் ஆசிரியர் அவர்தான். அரசின் கை சுருங்கச் சுருங்க மனிதருக்கு நல்லது என்று சொல்லும் லிபர்டேரியன்கள், தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ள ஒரு களம் அமைத்துக் கொடுத்தார்.

அவர் எழுதியதில் இன்றும் படிக்கவேண்டியது 1988இல் வந்த ‘இரண்டு லிபர்டேரியனிசங்கள்’ கட்டுரை. ஒரு கூட்டத்துக்குச் சுதந்திரம் என்பது அறம். யார்மேலும் நீ முதலில் கைவைக்காதே, அவ்வளவுதான். விளைவு எப்படியானாலும் சரி. அயன் ராண்டும் ராத்பார்டும் இந்தப் பக்கம். இன்னொரு கூட்டம், சுதந்திரம் இருந்தால் மனிதர்கள் நன்றாக வாழ்கிறார்கள், அதனால் அது வேண்டும் என்கிறது. மீசஸும் ஹாயெக்கும் இங்கே. பிராட்ஃபோர்டின் சாய்வு இரண்டாவது பக்கம்.

‘லிபர்ட்டி’ தன் வாசகர்களிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. உயரமான கட்டடத்தின் பால்கனியிலிருந்து தவறி விழுகிறீர்கள். கீழ்வீட்டுக் கொடிக்கம்பம் கைக்குச் சிக்குகிறது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இது என் சொத்து, கையை எடு” என்கிறார். எடுப்பீங்களா? சொத்துரிமை புனிதம் என்று மேடையில் பேசுவது சுலபம். தொங்கும்போது கை என்ன செய்யும்? கொள்கையை இப்படி உரசிப் பார்ப்பது நல்ல வியாபாரியின் குணம்.

ஆனால் அந்தக் கட்டுரை வந்தது ஈதன் ஓ. வாட்டர்ஸ் என்ற பெயரில். செத்துப்போன ஜனாதிபதி செஸ்டர் ஆலன் ஆர்தரின் பெயரிலும் பிராட்ஃபோர்டு எழுதினார். ‘ஆளைப் பார்க்காதே, வாதத்தைப் பார்’ என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்தான். எனக்கு ஒப்பவில்லை. வேறொருவர் இதழில் புனைபெயர் வைத்துக்கொள்வது வேறு. ஆசிரியரே தன் இதழில் பல பெயர்களில் பேசினால், ஒருத்தர் கருத்து ஒரு கூட்டத்தின் கருத்துபோலத் தெரியும். உள்ளே இருப்பது ஒன்று, முத்திரை வேறொன்று: அரசின் காசுமேல் அவரைப் போன்றவர்கள் வைத்த குற்றச்சாட்டே அதுதானே?

இருந்தாலும் படியுங்கள். எதிரணியின் கொள்கை யாரை நசுக்குகிறது என்று கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள். தன் அணியிடம் அதைக் கேட்டு, பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளவும் பக்கம் ஒதுக்கிய ஆசிரியர்கள் எந்த முகாமிலும் குறைவு.