அமுதசுரபியும் அறவிலையும்

முதுகலை வகுப்பில் மணிமேகலையின் பாத்திர மரபு கூறிய காதையைப் பயிற்றிக்கொண்டிருந்த ஒருநாள், மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்று கையில் இருக்குமாயின் யார்க்குக் கொடுப்பது, யாரை விடுப்பது என்னும் இடர்ப்பாடே எழாதன்றோ? அங்ஙனமாயின், பொருள் அளவுபட்ட நம்மனோர்க்கு இக்காப்பியம் கொடையறம் பற்றிக் கற்பிப்பது யாது? இதுவே அவ்வினா. அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளித்திலது. அமுதசுரபியை அருளின் குறியீடு என்று கூறி அமைந்துவிட்டேன். அவ்வாறு கூறி அமைவாரே ஆராய்ச்சியாளருள்ளும் மிகப்பலர். காப்பியத்தை மீண்டும் பயின்றபோது, சாத்தனார் அவ்வினாவைத் தாமே எழுப்பிக்கொண்டு கதை நிகழ்ச்சிகளால் விடை கூறியிருத்தல் புலனாயிற்று. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அறவிலை என்னும் சொல்லிலிருந்து தொடங்குதல் தகும். புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுங்கால், இப்பிறப்பிற் செய்தது மறுபிறப்பிற் பயன் தரும் என்று கருதி அறத்தை விலைப்படுத்தும் வணிகன் அவன் அல்லன் என்கிறார். சான்றோர் சென்ற நெறி என்பதனாலேயே அவன் கொடுத்தான் என்பது அவர் துணிபு. இங்கு அறவிலை என்பது கொடுப்பான் உள்ளத்தைப் பற்றியது. மறுமைப் பயனை நச்சிக் கொடுத்தல் வாணிகமாகிறது. 208-ஆம் பாட்டிலோ பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி விடுத்த பரிசிலை ஏலாது, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று மறுத்துவிடுகிறார். ஆண்டு வாணிகம் என்னும் பழி ஏற்பான்மேல் வாராதவாறு காக்கப்படுகிறது. கொடுப்பான் ஏற்பானின் முகம் நோக்காவிடின் அக்கொடை எத்துணைப் பெரிதாயினும் பண்டமாற்றே என்பது புலவர் கொள்கை.

திருக்குறள் ஈகை அதிகாரத்தின் முதற் குறள் வேறொரு வாயிலால் இக்கருத்திற்கு வருகிறது. வறியார்க்குக் கொடுப்பதே கொடை என்றும், ஏனையோர்க்குக் கொடுப்பன எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் அது வரையறுக்கின்றது. குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பிக் கொடுத்தல். இன்று நம் வீடுகளிற் கைமாற்று என வழங்குவது. இச்சொல் புறநானூற்றின் 163-ஆம் பாட்டிலும் வருகிறது. குமணனிடம் பெற்ற வளத்தோடு மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கி, சுற்றத்தின் பசி தீர முன்னர்க் குறியெதிர்ப்பை நல்கியவர்க்கும், அவளை விரும்பியவர்க்கும், அவள் விரும்பியவர்க்கும், இன்னார் என்னாது என்னையும் கேளாது கொடுத்துவிடுக என்கிறார். வறியோர் தம்முள் ஒருவரை ஒருவர் தாங்கி வாழும் கைம்மாற்று வாழ்க்கையின் சொல் அது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. வள்ளுவர் அதனைப் பழித்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. அதற்கு ஈகை என்னும் பெயர் உரித்தன்று என்பதே அவர் கூறியது.

பரிமேலழகர் ஈகை அதிகாரத்தை ஒப்புரவறிதலின் பின் வைத்ததற்குக் காரணம் கூறுமிடத்து, ஒப்புரவு இம்மை நோக்கியது, ஈகை மறுமை நோக்கியது என்று வேறுபடுத்துகிறார். உரையாசிரியருள் தலைசிறந்த அப்பெரியார்பால் எனக்குள்ள மதிப்புச் சிறிதன்று. எனினும் இக்கூற்று அவ்வதிகாரத்தின் இரண்டாங் குறளோடு இயைவதாகத் தோன்றவில்லை. மேலுலகம் என ஒன்று இல்லையாயினும் ஈதலே நன்று என்பதன்றோ அக்குறளின் கருத்து? மறுமையை நீக்கியும் நிற்கும் அறம் என்று மூலம் கூற, மறுமைக்காகவே நிற்பது என்று உரை கூறுமாயின், உரைவழிப் பிறக்கும் ஈகை முடமோசியார் விலக்கிய வாணிகத்தின் பக்கத்தே சென்று சேர்ந்துவிடும்.

இனி, சாத்தனார் இச்சொல்லை யாண்டு வைத்தார் என்பதைக் காண்போம். பாத்திரம் பெற்ற காதையில் தீவதிலகை மணிமேகலைக்குப் பசிப்பிணியின் கொடுமையை எடுத்துரைத்து, ஆற்றுநர்க்கு அளிப்போரை அறத்தை விலை கூறுவோர் என்றும், ஆற்றாதாரின் அரும்பசி களைவோரிடத்தே மெய்ந்நெறி நிற்கிறது என்றும் கூறுகிறாள். சொல் முடமோசியாரது சொல்லே. ஆயின் பொருள் இடம் பெயர்ந்துவிட்டது. கொடுப்பான் எதனை நச்சினான் என்பது இங்கு வினாவன்று. ஏற்பான் ஆற்றுவானோ, ஆற்றாதவனோ என்பதே வினா. தூய உள்ளத்தோடு கொடுத்தாலும், தன்னைத் தானே தாங்கவல்லார்க்குக் கொடுத்தது அறவிலையாகிவிடும். இப்பெயர்ச்சியைச் சமயக் கருத்தின் விளைவு என்று மட்டும் கூறி விடுத்தல் ஆகாது. இதன்மீதே சாத்தனார் ஆபுத்திரன் வரலாற்றை அமைத்துள்ளார்.

ஆபுத்திரன் முடமோசியாரின் அளவுகோலால் அளந்தால் ஒரு குறையும் இல்லாதவன். தென்மதுரையில் சிந்தாதேவி தந்த பாத்திரத்தால் அவன் பலர் பசி தீர்த்தான். இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வந்து, தானப் பயனைத் தருவேன், வேண்டுவன கொள்க என்றபோது அவன் நகைத்தான். பசித்து வந்தோரின் முகம் திருந்தக் காண்பதன்றி வேறு பயன் தனக்கு வேண்டாம் என்றான். அறவிலை வணிகனை இதனினும் தெளிவாக யார் மறுக்கவல்லார்? ஆயின் இந்திரன் வெகுண்டு செய்தது யாது? பாத்திரத்தைப் பறித்தானா? இல்லை. பாண்டி நாட்டில் மழை பெய்வித்தான், அவ்வளவே. பன்னீராண்டு வறந்த நாட்டில் வளம் பெருகவே பசித்தோர் இலராயினர். அவர்கள் உண்டு மகிழ்ந்த அம்பலத்தில் விடரும் தூர்த்தரும், சூதாடுவோரும் வம்புரை பேசுவோரும் வந்து நிரம்பினர். கொடுக்கும் இடம் மாறாமல் நிற்க, கொடைக்கு உரியோர் மாறிவிட்ட நிலை இது. தோன்றிய காலத்து வேண்டியிருந்த அறநிலையம் ஒன்று, வேண்டாத காலத்தும் தன் இடத்தை விட்டு அசையாதிருந்தால் அதனுள் யார் வந்து அமர்வர் என்பதைச் சாத்தனார் சில அடிகளிற் காட்டிவிடுகிறார்.

ஆபுத்திரன் அங்கு அமர்ந்திருந்தானல்லன் என்பது அவன் பெருமை. பசித்தோர் எங்குளர் என வினவித் திரிந்தான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கலத்தின் வந்தோர் கூறக் கேட்டுக் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் இறங்கியபோது, அவன் ஏறிவிட்டான் என்று கருதிக் கலம் அவனை விட்டுப் போயிற்று. மாந்தர் இல்லாத தீவில் குறையாத பாத்திரத்தோடு நின்றான். பலருயிர் ஓம்பும் கலத்தால் தன் ஓருயிர் ஓம்ப விரும்பாமல், கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான். ஆண்டுக்கொருமுறை அது தோன்றுக, அருளறம் பூண்டார் வரின் அவர் கை புகுக என்பதே அவன் இறுதியாக வேண்டியது.

மாணவரின் வினாவிற்கு விடை இங்கே உள்ளது. அமுதசுரபியில் உணவுக்கு அளவில்லை. ஆயின் பாத்திரம் ஒன்று, அதனை ஏந்தும் கை ஒன்று. ஒரு காலத்தில் ஓரிடத்தில்தான் அது நிற்கவல்லது. பொருளின் குறையை நீக்கிவிட்ட சாத்தனார் இடத்தின் குறையை நீக்கவில்லை. ஆகவே தேர்வு என்னும் சுமை கொடுப்போரை விட்டு நீங்கவில்லை. மணிமேகலையின் செலவு முழுவதும் இத்தேர்வாகவே அமைகிறது. புகாரில் அவள் சென்றது பேணுநரற்ற பிணியாளர் கிடந்த உலகவறவிக்கு. அடுத்துச் சிறைக்கோட்டம், பிறர் மனையில் சென்று இரத்தற்கும் இயலாதவர் அடைக்கப்பட்ட இடம் அது. பின்னர் வஞ்சியில் மாசாத்துவான் வாயிலாகக் கச்சிமாநகரின் வற்கடத்தைக் கேட்டு ஆங்குச் செல்கிறாள். ஆபுத்திரன் கேட்டுச் சென்றும் சேராது ஒழிந்ததனை மணிமேகலை சேர்ந்து முடிக்கிறாள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபின், நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் நாடெங்கும் இருந்து வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்ததைப் பலரும் அறிவர். அனுப்பினோர் உள்ளத்தில் மாசு இருந்ததென யாரும் கூறார். வலையும் படகும் இழந்தவர்க்கு வேண்டுவது யாது என்று அவர்களைக் கேட்டறிந்தார் சிலரே. அக்குவியல்களைக் கண்டவர்க்கு மதுரை அம்பலத்தின் நிலை எளிதில் விளங்கும்.

மற்றொன்று. பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது உலக வழக்கில் உள்ள பழமொழி. ஏற்பானின் தகுதியை ஆராய்க என்பது அதன் பொருள். கோத்திரத்தோடு அதனை இணைத்தே நம் முன்னோர் வழங்கினர் என்பதால், எவ்வகைத் தகுதி ஆராயப்பட்டது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாத்தனாரின் பாத்திரமோ கொடுப்பவள் கையில் இருக்கிறது. ஆராய்ச்சியும் அப்பக்கமே நிகழ்கிறது. அப்பாத்திரத்தில் முதற்பிச்சை யாரிடமிருந்து வரவேண்டும் என்பது ஆய்ந்து தெளியப்பட்டு, காயசண்டிகை காட்ட ஆதிரையின் இல்லம் தேர்ந்துகொள்ளப்படுகிறது. உலகமெல்லாம் பசிப்பிணி நீங்குக என்று வாழ்த்தி அவள் இடுகிறாள். வரும் பொருளின் தூய்மைக்காக ஒரு காதை முழுவதும் செலவாகிறது. உண்ண வருவோரைப் பற்றியோ, பசித்தனையோ என்பதற்குமேல் ஒரு வினாவும் இல்லை. இக்காலத்து அறநிலையங்கள் பலவற்றில் இம்முறை தலைகீழாக இருத்தலைச் சொல்லவும் வேண்டுமோ?

சாத்தனாரிடம் ஒரு குறையும் உண்டு. குறையாத கலத்திற்குக் கணக்கு வேண்டுவதில்லை. ஆதலின் வந்த பொருள் எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் வினாவை அவர் தொடவேயில்லை. அதற்கு விடை தேடுவோர் கல்வெட்டுகளிடம் செல்லவேண்டும். 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீரராசேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு, அங்கிருந்த ஆதுலர்சாலையின் செலவைப் பதிவு செய்துள்ளது. நோயாளர் கிடைகள் 15. கிடப்போர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு நாழி அரிசி. மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் காசும். அறுவை செய்வானுக்கு 30 கலம். மூலிகை கொணர்வார் இருவர், மருந்து அட்டு நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன் எனப் பெறுவோர் யாவரும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளனர். இரவு எரியும் விளக்கிற்குரிய எண்ணெயும் விடுபடவில்லை. கொடுத்த பொருள் எங்குச் சென்றது என்று வினவுவோர்க்கு, கல்லே விடை கூறும்படி அமைத்த அக்காலத்துச் சபையோரின் நேர்மை வியத்தற்குரியது.

ஆயினும் அக்கிடைகளில் கிடந்தோர் யாவர்? கோயிற் பணியாளரும் அங்குப் பயின்ற மாணாக்கரும் போன்று அந்நிலையத்தைச் சார்ந்தோர். வழியிற் கிடந்த ஆற்றாதார்க்கு அங்கு இடம் குறிக்கப்படவில்லை. கணக்கு உள்ள இடத்தில் எல்லை இருக்கிறது. எல்லையற்ற இடத்தில் கணக்கு இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட நூல் ஒன்றை யான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கச்சியில் பீடிகைமேல் பாத்திரத்தை வைத்து மணிமேகலை அழைத்தபோது, பதினெண் மொழி பேசுவோரும், கண்ணிலார், செவியிலார், காலிலார் ஆகியோரும் ஒருங்கு வந்தனர் என்று 28-ஆம் காதை கூறுகிறது. அளவை நூலும் புத்த அறமும் உரைக்கப்படுவது அதன் பின்வரும் 29, 30-ஆம் காதைகளில். அறங்கேட்க அமர்பவளும் மணிமேகலை ஒருத்தியே. உண்டு சென்ற கூட்டத்தாருள் ஒருவரிடமும் அவள் தன் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாளாகச் சாத்தனார் பாடவில்லை.