வீடு என்பது யார்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்தார்கள். பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகள், வீட்டிலிருந்தபடி கற்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உடையவர்கள் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிச் செல்லவே முடியாத நிலையில் இருக்கும் குழந்தையையும் கல்வியின் கணக்குக்குள் கொண்டுவந்த திருத்தம் அது. அந்த அளவில் அது தேவையானதுதான். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு பெண்ணாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் குழந்தை இருக்கிறது, உரிமை இருக்கிறது, வீடு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் யார் என்பது மட்டும் இல்லை.

இந்தத் திட்டத்துக்குத் தமிழில் வீட்டு வழிக் கல்வி என்று பெயர். சுவரும் கூரையும் கற்றுக்கொடுப்பதில்லை. வீடு என்று சட்டம் சொல்லும் இடத்திலெல்லாம் அம்மா என்று மாற்றி வாசித்தால்தான் பொருள் விளங்குகிறது. அம்மா வேலைக்குப் போனால் அம்மாச்சி. அவருக்கு முடியாமல் போனால் மூத்த மகள்.

பெருநகரத்தில் வீட்டுக்கல்வி என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. படித்த பெற்றோர் பள்ளிமுறை பிடிக்காமல் பிள்ளையை நிறுத்திக்கொள்வது அது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பள்ளி வேண்டாம் என்று இங்கே யாரும் முடிவெடுப்பதில்லை. சரிவுப்பாதை இருந்தாலும் உதவிக்கு ஆள் இல்லை, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆயா இல்லை, பிள்ளை கத்தினால் மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று ஒரு சொல். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு நாள் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ வந்து ஒரு படிவத்தில் 'வீட்டு வழிக் கல்வி' என்று எழுதிக்கொள்கிறார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் தேர்வு என்ற சொல்லுக்கு என்ன வேலை?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அதன் 31ஆம் பிரிவு. அதாவது பள்ளிதான் முதல் உரிமை. வீடு அதற்குப் பின்னால் வருகிற ஏற்பாடு. ஊரில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

நடைமுறை எப்படி என்று பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு வட்டார வள மையம் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். குழந்தையின் பெயர் அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பயிற்சி தருவார். ஒரே ஆசிரியருக்குப் பல ஊர்கள் என்பதால் வருகை வாரத்தில் சில மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. மீதி நேரத்துக்கு 'அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்' என்பதே பதில். கை காலை நீட்டி மடக்குவது, கரண்டி பிடிக்கவைப்பது, சொல்லுக்குப் பதிலாகப் படத்தைக் காட்டிக் கேட்கவைப்பது என எல்லாமே அவள் கைக்கு வருகின்றன. பயிற்சி பெற்ற ஒருவரின் வேலையை, பயிற்சியும் ஊதியமும் இல்லாமல், சமைத்துக்கொண்டே அவள் செய்கிறாள்.

வருகிற சிறப்பாசிரியரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அவர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள். 2024–25இல் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததைக் காட்டி ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான இந்தத் திட்டத்தின் நிதியை நிறுத்தியபோது, அந்தச் சண்டையின் சூடு இவர்கள் சம்பளத்தின் மேல் விழுந்தது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு ஒழுங்கான ஆசிரியர்கள் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கும் வந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் என்ன விகிதம்? ஒன்றுக்கு ஒன்று. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும், விடுப்பு இல்லாமல்.

இந்த உழைப்புக்கு அளவு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் கூலியில்லாமல் செலவிடுவதாகக் கணக்கிட்டது. வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76 நிமிடம். இவை எல்லா வீடுகளுக்குமான சராசரி. பத்து வயதுப் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டு, ஊட்டிவிட்டு, துணி மாற்றி, வலிப்பு வருகிறதா என்று கண் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த நிமிடக் கணக்கு போதாது.

வானம் பார்த்த பூமியில் இதற்கு இன்னொரு பெயர் கூலி இழப்பு. அருப்புக்கோட்டைத் தறி வீடுகளில் தார் சுற்றும் வேலையைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். அதனால் அந்தக் கூலி எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தாய்மார் அதை விட முடிவதில்லை. திருச்சுழி, நரிக்குடி பக்கம் களை எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு, கருவேல மரம் வெட்டு, கரிமூட்டம், நூறு நாள் வேலை. இவை எதற்கும் நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், சிறு குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கைக்குழந்தையை மட்டுமே நினைத்தது. பன்னிரண்டு வயதிலும் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

அரசு தருவது பராமரிப்பு உதவித்தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய். அது பிள்ளையின் பெயரில் வரும் பணம், பிள்ளைக்கே போதாத பணம். பராமரிப்பவரின் உழைப்புக்கு அது விலை இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, பெண்களின் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே பெயர் சூட்டியது. உழைப்பு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் வகுப்பறையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறவளுக்கு? உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பேசுகிறது. சலுகை கேட்பதாக நினைத்து இதைக் கேட்கக் கூச வேண்டியதில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சொல் அது.

இந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போனதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1990இல் வந்த 'அஞ்சலி'யில், பிறந்த பெண் குழந்தை இறந்துவிட்டதாகத் தாயிடம் சொல்லி அவளை வேறிடத்தில் வளர்க்கிறார் தந்தை. தாய்க்கு வலிக்கக் கூடாது என்று அவளிடமிருந்து மறைக்கும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று படம் அழுத்திக் கேட்பதில்லை. எல்லோரும் நேசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு குழந்தை இறந்துவிடுகிறது. வளர்ந்து பதினைந்து வயதாகும் அஞ்சலியை அந்தக் கதையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2013இல் வந்த 'ஹரிதாஸ்' ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பரிதாபத்துக்காகக் காட்டாத படம். ஆனால் அதில் தாய் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள். அதுவரை வளர்த்த பாட்டி இறந்த பிறகே தந்தை மகனைத் தன்னிடம் அழைத்துக்கொள்கிறார். 2019இல் திரைக்கு வந்த 'பேரன்பு', மூளை முடக்குவாதமுள்ள மகள் பூப்பெய்தும் காலத்தைப் பேசத் துணிந்த படம். இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசியதற்காகவே அதை நான் மதிக்கிறேன். அதிலும் வெளிநாட்டில் இருந்த கணவர் திரும்பிவருகிறார், அத்தனை ஆண்டு தனியாக மகளை வளர்த்த மனைவி வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். படம் அவளைப் பழிக்கவில்லை. ஆனால் அவள் பார்த்த ஆண்டுகள் படத்தில் இல்லை.

இரண்டு படங்களும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: பெண்ணின் உழைப்பு முடிகிற இடத்தில். ஒரு ஆண் அதே வேலையைக் கையில் எடுக்கும்போது அது கதையாகிறது. அப்பா மகளுக்குத் துணி மாற்றினால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அம்மா மாற்றினால் அது செவ்வாய்க்கிழமை. ஆண்களும் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று காட்டியதற்காக இந்தப் படங்களை வரவேற்கலாம். ஊரில் அப்படியான அப்பாக்கள் எத்தனை பேர் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஊரில் அம்மாவுக்குக் கிடைப்பது பழி. சொந்தத்தில் கட்டியதால் இப்படி என்பார்கள். மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று முடிவெடுத்தது பெரியவர்கள், பழி மட்டும் அவள் வயிற்றுக்கு. அல்லது சாமிக் குத்தம். இரண்டும் இல்லையென்றால் தெய்வத் தாய் என்ற பட்டம். பழியைவிடப் பட்டம் ஆபத்தானது. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, தெய்வம் கூலி கேட்காது.

பிள்ளைகளுக்காகத் தாய்மார் நிறுவனங்களே கட்டியிருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 1972இல் மும்பையில் மித்து ஆலூர், 1985இல் சென்னையில் வித்யா சாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன், 1991இல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசத்தைத் தொடங்கிய மெரி பருவா ஆகிய மூவரும் தங்கள் பிள்ளைக்கு இடமில்லை என்று கண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டாக்கியவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் படிப்பும் ஆங்கிலமும் நகரமும் கைவசம் இருந்தவர்களால் முடிந்ததை, கண்மாய்க்கரை காலனியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை பிள்ளையை இடுப்பில் சுமப்பவளுக்கு முன்மாதிரியாக வைப்பது நியாயமில்லை. அவளுக்குத் தேவை தன் ஊருக்கு வந்து சேரும் ஏற்பாடு.

அது நடக்காத காரியம் இல்லை. பக்கத்துத் தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்திலிருந்தே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, அவர்களை வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களுக்குப் பின்னால் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். தாய் இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி. முழுச் சங்கிலியும் அவளே இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிவதை, 2018 முதல் 'வளர விழையும் மாவட்டம்' என்று பட்டியலிடப்பட்ட விருதுநகரில் அரசு செய்ய முடியும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை இந்த வீடுகளுக்குள் போகக்கூடும். சிலர் இப்போதே அந்த வீட்டின் மூத்த மகளாக இருக்கக்கூடும். கையில் இருக்க வேண்டியவை சில. மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் முதல் படி. இவற்றுக்கு விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். வீட்டிலிருந்தாலும் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் பாடநூல் முதல் பயிற்சி வருகைவரை கேட்டுப் பெறலாம். வருகை நின்றுவிட்டால் வட்டார வள மையத்தில் எழுத்தில் கேளுங்கள். பெண் பிள்ளைக்குத் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்குக் கைகொடுக்கும். பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டக் காப்பாளர் யார் என்பதை, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் முறையாகப் பதிவு செய்யலாம். 'எனக்குப் பிறகு யார்?' என்று இரவில் கேட்டுக்கொள்ளும் தாய்க்கு அது முழுப் பதில் ஆகாது. ஆனாலும் அது எழுத்தில் உள்ள ஒரு பதில்.

இன்னொன்றும் செய்யலாம். பிள்ளை தண்ணீர் வேண்டும் என்றால் எப்படி முனகும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எந்த விரலால் பொத்தானைப் பிடிக்கும், எத்தனை ஆட்டுக்குட்டிவரை எண்ணும் என்பதெல்லாம் அம்மாவுக்கு மட்டுமே தெரியும். ஒரு கோடு போட்ட நோட்டில் அவள் சொல்லச்சொல்ல எழுதிவையுங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்தவர் பார்க்க அது உதவும். அத்தை பார்க்கலாம், அண்ணன் பார்க்கலாம், அப்பாவும் பார்க்கலாம். அவளுக்குத் தெரிந்தது பாசம் மட்டும் இல்லை, கற்றுத்தேர்ந்த தொழில் என்பதற்கும் அந்த நோட்டு சான்று.

பள்ளி திறக்காத கதவுகளுக்கெல்லாம் வீட்டைக் காட்டுவது எளிது. அதனால் அரசுக்குச் செலவு குறைகிறது, பள்ளிக்குத் தொந்தரவு குறைகிறது, புள்ளிவிவரத்தில் பள்ளி செல்லாப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இத்தனையும் குறைவதற்கு ஒருத்தியின் நாள் கூடிக்கொண்டே போகிறது. வீட்டு வழிக் கல்வி வேண்டாம் என்று சொல்வது என் நோக்கம் இல்லை. படுத்தபடியே இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டும். அந்தச் சட்ட வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் வேண்டும் என்கிறேன். கற்பிப்பவர் யார், அவருக்குப் பயிற்சி எங்கே, கூலி எவ்வளவு, ஓய்வு எந்த நாள் என்று எழுதப்படும்வரை, அந்த உரிமையின் செலவைத் திருச்சுழியில் ஒரு பெண் தன் உடம்பால் கட்டிக்கொண்டிருப்பாள்.