பர்கூர்ப் பகுதியில் ஆங்கிலப் போதனை: மரபுகளும் அளவுகோலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், கிருஷ்ணகிரியை எட்டுவதற்குச் சற்று முன்னே அமைந்திருக்கும் பர்கூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே ஜவுளிக் கடையின் பேரத்தில் கலந்து ஒலிக்கும் ஊர். இவ்வூரில் 1994-ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் பொறியியற் கல்லூரியின் வகுப்பறைகளிலே, வீட்டில் ஒரு பாஷையும் பள்ளியில் மற்றொரு பாஷையுமாக வளர்ந்து, பௌதிகத்தையும் ரசாயனத்தையும் தமிழிலேயே கற்றுத் தேர்ந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து அமர்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இத்தகைய பிள்ளைகளின் வரவு பொறியியற் கல்லூரிகள் யாவற்றுக்கும் உரியதாயிற்று. அவர்களுக்கு ஆங்கிலத்தை எப்படிப் போதிப்பது என்ற கேள்வி ஆசிரியர் ஒவ்வொருவரின் முன்னும் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு முந்திய தலைமுறைகள் அளித்த விடைகளை நாம் போதிய சிரத்தையோடு பரிசீலித்தோமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சரித்திரத்தில் நமது பிரதேசத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமான நமது பாராமகாலில் ஏழாண்டுகள் வருவாய் நிர்வாகம் பயின்ற தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னையின் கவர்னராகி, 1822-ல் இராஜதானியின் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-ஆம் ஆண்டின் அவரது குறிப்பில் 12,498 பள்ளிகள் காணப்படுகின்றன. நாட்டுக் கல்வியைச் சீர்படுத்த வேண்டும் என்று அவர் எண்ணிய அந்த நோக்கம் நிலைபெறுவதற்குள், 1835-ல் மெக்காலேயின் குறிப்பும், 1854-ல் வுட்டின் அறிக்கையும், 1857-ல் சென்னைச் சர்வகலாசாலையும் வந்து, இலக்கணத்தை நெட்டுருச் செய்வதும் வாக்கியங்களை மொழிபெயர்ப்பதுமே ஆங்கிலக் கல்வி என்ற சம்பிரதாயம் வேரூன்றிவிட்டது. அந்தச் சம்பிரதாயத்தை இன்று பலர் எளிதாக இகழ்கிறார்கள். நான் அவர்களோடு சேர மாட்டேன். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, ஓசூரிலும் பெங்களூரிலும் அந்த முறையிலே படித்த ராஜாஜி, ஆங்கிலத்தைத் துல்லியமாக ஆண்டதோடு நில்லாமல், 1916-ல் சேலத்தில் நண்பருடன் சேர்ந்து சாஸ்திரப் பதங்களைத் தமிழில் வகுக்கும் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். ரசாயனத்தைத் தமிழில் எழுதியும் காட்டினார். இரு பாஷைகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் பயிற்சி அந்தப் பழைய முறையில் கிடைத்தது. அதன் குறையோ, வாய் திறவாத மனனத்தில் எளிய மாணவன் தேங்கிப் போனது.

அந்தப் பயிற்சியின் மேன்மை முழுதும் விளங்கிய இடம் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமைந்தது. அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய அந்தச் செமினரியில், தானியேல் பூர் முதலானோர் ஆங்கிலத்தையும் தமிழையும் கணிதத்தையும் வான சாஸ்திரத்தையும் ஒருங்கே போதித்தனர். மதமாற்றம் அவர்களது நோக்கமாயிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை, ஆயினும் தமிழை விலக்கி ஆங்கிலத்தை நாட்டுவது அவர்களது வழியாயிருக்கவில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும், அதாவது சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும், அங்கே பயின்றவர்களே. முன்னவர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். பின்னவர் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் தேர்ந்தவன் தன் பாஷைக்கு அந்நியனாக வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சான்று வேண்டுமா?

சுதந்திரத்துக்குப் பின் வந்த வாக்கிய அமைப்பு முறையைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தின் ஆரம்ப வகுப்பு ஆங்கில உபாத்தியாயர் 27,000 பேருக்கு அம்முறையில் மறுபயிற்சி அளிக்க ஒரு பேரியக்கம் நடந்தது. முதலில் பயின்றவர் அடுத்தவருக்கும், அவர் அதற்கடுத்தவருக்கும் கற்பிப்பதாக ஏற்பாடு. எண்ணிக்கை பிரமிப்பூட்டியது, ஆனால் மாதிரி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிய பிள்ளை, தனக்கென ஒரு கருத்து உண்டானபோது அதைச் சொல்ல வழி அறியாது நின்றான்.

இந்தக் குறையைக் கூர்ந்து நோக்கியவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் அவரும் சகாக்களும் நடத்திய பரிசோதனையை நம் பக்கத்து ஊர்களில் நிகழ்ந்த மகத்தான காரியமென்றே கருதுகிறேன். இலக்கணப் பாடத்திட்டம் எதுவும் அங்கே இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பார்கள். ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து அதை ஒத்த ஒரு கணக்கை உரக்க ஆலோசித்துத் தீர்ப்பார். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனித்து வேறொன்றைத் தீர்க்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அந்த வேலை தகுதியானது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. அர்த்தத்தில் மனம் பதிந்திருக்கும்போதே பாஷையின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவருடைய சித்தாந்தம். தெரிந்த செய்திகளிலிருந்து தெரியாததை யுக்தியால் வருவிக்கும் வேலைகளே ஏற்றவை என்றும் அவர் கண்டார். 1987-ல் வெளிவந்த அவரது நூலை மேனாட்டார் இன்றும் போற்றிப் படிக்கிறார்கள்; அந்தப் பரிசோதனை நிகழ்ந்த நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளோ அதற்கு உரிய இடத்தை அளிக்கவில்லை.

அதே காலத்தில் கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஈராண்டுக்குள் சரளமாகப் பேசிவிட்டாலும், பாடப் புத்தகத்தின் பாஷையில் உடன் படிப்போரை எட்டுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆவதைக் கண்டு, உரையாடற் பாஷை வேறு, கல்விப் பாஷை வேறு என்று வகுத்தார். ஒரு பாஷையில் பெற்ற அறிவுத் தேர்ச்சி மற்றொன்றுக்கும் அடித்தளமாகும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். நமக்கு மிக நெருக்கமான உண்மை இது. கம்பியின் வெப்பநிலை உயர உயர அதன் மின்தடையும் உயர்வதைத் தமிழில் காரணத்தோடு விளக்கக்கூடிய பர்கூர் மாணவன் கல்விப் பாஷை அறியாதவன் அல்லன். வரையறை செய்தல், வகைப்படுத்தல், காரண காரியம் காட்டல் ஆகிய யாவும் அவன் வசம் உள்ளன; வினைகளைப் பெயர்களாக்கி, செய்தவனை மறைத்து, முடிவை அளவறிந்து சொல்லும் ஆங்கிலப் பிரயோகங்களை மட்டுமே அவன் பெற வேண்டியிருக்கிறது. அவனுடைய தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போதிக்கும் ஆசிரியர், கிணற்றை மூடிவிட்டு ஏற்றம் இறைப்பவர்.

கலாசாரம் என்னும் விஷயத்திலும் இவ்வாறே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்த சுரேஷ் கனகராஜா, அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தம் வாழ்க்கையையும் மறுப்பையும் எழுதி வைத்திருந்ததைக் கண்டு, 1999-ல் ஒரு நூலில் ஆராய்ந்தார். நூலோடு வாதாடும் அந்த இயல்பையல்லவா மேனாட்டுக் கல்வியுலகம் தன் பண்பாடென்று சொல்கிறது? அது நமக்கும் புதிதன்று. கங்க மரபினனான சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்கிறது: பிறர் கருத்தோடு உடன்படுதலும், அதை மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின் களைதலும், தன் கொள்கையைத் தானே நாட்டி நிறுவுதலும், மாறுபட்ட இருவர் கொள்கைகளுள் ஒன்றைத் துணிதலும், பிறர் நூலின் குற்றம் காட்டலும், பிறரோடு ஒட்டாது தன் கொள்கையைக் கொள்ளுதலும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் எந்த ஆங்கில வகுப்புக்கும் இதனினும் நல்ல முதற் பாடத்தை நான் அறியேன்.

ஆகவே ஒரு மரபை அளக்க நான் கொள்ளும் அளவுகோல் இது: அதில் பயின்றவன் தன் சாஸ்திரத்தின் யுக்தியை ஆங்கிலத்தில் தாங்கிச் செல்ல வல்லவனா, தான் வந்த பாஷைகளை இழக்காமல் அதைச் செய்ய வல்லவனா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் தொழில்சார் ஆங்கிலமும், தமிழரும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் முதலாண்டிலேயே அருகருகே நின்றன. இவ்விரண்டையும் இணைக்கத்தக்க விஷயம் பர்கூர் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்போடு கிடைத்த கரிமப் பொருளின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. 2025-ல் சிவகளை அகழாய்வின் காலக்கணிப்பு அதனினும் முந்தியதாக வெளிவந்தது. எந்த மாதிரி எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, கரிமத்தின் வயது இரும்பின் வயதை எவ்வளவு தூரம் நிரூபிக்கும், எது சான்று, எது அனுமானம் என்பதை மாணவர்கள் முதலில் தமிழில் தர்க்கித்து, பின்பு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதட்டும்; தொல்லியலார் ஒருவரும் பொறியியல் ஆசிரியர் ஒருவரும் ஆங்கில ஆசிரியரோடு அமர்ந்து அவற்றைத் திருத்தட்டும். இந்த ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டின் முதற் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.