மாமையும் பசலையும்

சங்கப் பாடல்களைப் பயில்வோர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று 'மாமை'. இளமாந்தளிரின் நிறம் என்று இதற்கு உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். கருமை என்றும் அகராதி பொருள் தரும். எவ்வாறு கொண்டாலும் அது வெண்மையன்று. பெண்ணின் மேனி அழகுக்கு நம் பழம்புலவர்கள் விரும்பி ஆண்ட சொல் இதுவே.

குறுந்தொகையின் 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி, தன் மாமைக் கவின் பசலைக்கு இரையாவதை எண்ணி வருந்துகிறாள். நல்ல பசுவின் பால் கன்றின் வாய்க்கும் எட்டாமல், கறக்கும் கலத்திலும் விழாமல் மண்ணிற் சிந்திப்போவதைத் தன் நிலைக்கு உவமையாக்குகிறாள். பாடலை ஊன்றிப் படிப்பவர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். இவ்வழகு யாருக்குப் பயன்படாமற் போயிற்று என்று அடுக்கும்போது, தலைவனை அவள் முதலிற் சொல்லவில்லை. தன்னையே முதலிற் சொல்கிறாள். தலைவன் அடுத்துத்தான் வருகிறான். பாடியவர் பெண்பாற் புலவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தன் நிறம் தனக்கு உரியது, தான் துய்க்கத்தக்கது என்னும் எண்ணம் தமிழ்ப் பெண்ணுக்கு மேலைநாட்டுப் புத்தகங்கள் வழியாக வந்ததன்று என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

பசலையாவது, பிரிவுத் துயரால் மேனி நிறமிழந்து வெளிறுதல். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்களில் இதையே பேசினார். ஆக, நம் அக இலக்கியத்தில் மேனி வெளிறுவது நோய்; பழைய நிறம் மீள்வதே நலம். இன்று நம் இல்லங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதன் பெயரில் இருந்த வெண்ணிறச் சொல்லை நீக்க 2020 வரை ஆயிற்று. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை தமிழ்த் தாய்மார் தம் பெண்களுக்குப் பசலையை விலை கொடுத்து வாங்கிப் பூசினர் என்பதை யார் கணக்கிடுவர்? 'கருப்பே அழகு, காந்தலே ருசி' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அதைச் சொல்பவரின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? அது பாராட்டுக் குரலன்று, ஆறுதற் குரல். அடிபிடித்த சோறு வாய்த்தவன் தன்னைத் தேற்றிக்கொள்வது போன்றது அது. பொருள் மாமைக்கு அண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வீழ்ச்சி நிகழ்ந்துவிட்டது.

அழகின் அளவுகோலைத் தாண்டி நின்ற பெண்கள் நம் மரபில் இல்லையா என்று கேட்டால், உடனே ஔவையாரையும் காரைக்கால் அம்மையாரையும் சுட்டுவர். நானும் பலகாலம் அவ்வாறே மேடைகளிற் சொல்லி வந்தேன். இப்போது அவ்விடை எனக்கு முழு நிறைவு தருவதில்லை.

ஔவையை எடுத்துக்கொள்வோம். புறநானூற்றின் 89-ஆம் பாடலில் பகை வேந்தன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியாகக் கண்டு வினவுகிறான். அஞ்சாமல் அவனுக்கு விடையிறுத்து அதியமானின் படைவலியைப் புகழ்கிறார் ஔவை. இளமையும் அறிவும் அவரிடம் ஒருங்கே இருந்தன. ஒன்றுக்காக ஒன்றைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. பிற்காலக் கதைகளில் வரும் ஔவையோ திருமணத்தினின்று தப்ப விநாயகரை வேண்டி முதுமையைப் பெறுகிறார். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தின் வழியே நம் வீடுகளில் நிலைபெற்றவர் இந்த மூதாட்டியே. ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று அரசனுக்கும் ஆண்டிக்கும் அறிவுரை கூற வேண்டுமாயின் முதலில் நரைத்தாக வேண்டும் என்று நம் கற்பனை தீர்ப்பளித்துவிட்டது.

காரைக்கால் அம்மையார் கதை இன்னும் கூர்மையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் மனைவியைத் துறந்து பாண்டிநாட்டில் வேறு மணம் புரிகிறான்; பின்னர் மனைவியைத் தெய்வமெனக் கருதி அவள் காலிலேயே விழுகிறான். அதன் பின்னரே, கணவனுக்காகச் சுமந்த இத்தசைப்பொதி இனி வேண்டா என்று கூறிப் பேய் வடிவை வேண்டிப் பெறுகிறார் புனிதவதியார். நெஞ்சை உலுக்கும் காட்சி, ஐயமில்லை. ஆயினும் அம்மையார் தாமே பாடிய திருவாலங்காட்டுப் பதிகங்களிலும் அற்புதத் திருவந்தாதியிலும் இக்கணவன் இல்லை, மாங்கனியும் இல்லை. வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் உடைய பேய்மகளிரை அவர் எவ்விதக் கூச்சமுமின்றிப் பாடுகிறார்; தம்மையும் காரைக்காற் பேய் என்றே குறித்துக்கொள்கிறார். காரணம் கூறவில்லை, மன்னிப்புக் கோரவில்லை. பெண் அழகை உதறுவதற்கு ஓர் ஆடவனின் புறக்கணிப்பு காரணமாக வேண்டும் என்னும் தேவை கதை சொல்லியின் தேவையே ஒழியக் கவிஞரின் தேவையன்று. (சேக்கிழார்பால் எனக்குள்ள பக்தியை அறிந்த நண்பர்கள் இதற்காக என்னைக் கடிந்துகொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.) திருக்கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர் நிற்க, விலா எலும்பு தெரிய அமர்ந்திருக்கும் அவ்வடிவத்தைப் பார்க்குந்தோறும், அதில் துயரம் இல்லாமையே என்னைக் கவர்கிறது.

ஆனாலும் வினா எஞ்சி நிற்கிறது. முதுமை ஏற்காத, பேய்வடிவு வேண்டாத, கறுத்த நிறத்தோடு நாளை பள்ளிக்குப் போகவேண்டிய ஒரு சாதாரணச் சிறுமிக்கு இவ்விரு பெருமாட்டியரும் என்ன வழி காட்டுவர்? அழகைத் துறந்தவர்களை வணங்குவது எளிது. அழகில்லை என்று பிறர் சொல்லும் உடம்போடு நாள்தோறும் குடும்பம் நடத்துவது வேறு.

அந்த வேறொன்றைத் தமிழில் மிகத் துல்லியமாக எழுதியவர் அம்பை. கோவையிற் பிறந்து நெடுங்காலமாக மும்பையில் வாழ்ந்து எழுதிவருபவர். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய 'அம்மா ஒரு கொலை செய்தாள்' 1970-களில் வெளிவந்த சிறுகதை. தலைப்பைக் கண்டு துப்பறியும் கதை என எண்ணியவர்களும் உண்டு. கதையில் ஒரு துளி இரத்தம் சிந்தப்படுவதில்லை. அல்லது, சிந்துவது பூப்பெய்தும் சிறுமியின் இரத்தம் மட்டுமே. கறுப்பான அச்சிறுமிக்குத் தாய் ஒரு தெய்வம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அந்தக் கைகளில் அவள் நிறம் ஒரு குறையே அன்று. தாய் வெளியூர் சென்றிருந்தபோது அவள் பூப்பெய்துகிறாள். சுற்றியிருப்போர் பேச்செல்லாம் அச்சுறுத்த, அம்மா வந்து எல்லாவற்றையும் அழகாக்கிவிடுவாள் என்று காத்திருக்கிறாள். தாய் திரும்புகிறாள், ஆனால் போனவளாக அல்ல. உறவுப்பெண் ஒருத்தியைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்டனர். அந்தப் புண்ணோடு வந்தவள், மகளின் செய்தி கேட்டதும் இதற்குள் என்ன அவசரம், இதுவும் ஒரு பாரம் என்னும் பொருள்படச் சொல்லி விடுகிறாள். அவ்வளவே கொலை.

இக்கதையைத் தாய்க்கு எதிரான குற்றப்பத்திரிகையாகப் படிப்போர் உளர். அது பிழையான படிப்பு என்பது என் கருத்து. கொலைக்கருவியைத் தாய் செய்யவில்லை. பெண் பார்க்கும் கூடத்தில் அது அவள் கையிற் கொடுக்கப்பட்டது. அக்கதையின் அச்சம் வேறோரிடத்தில் உள்ளது. தன்னைத் தான் ஏற்றல் என்பது தனிமையில் தவமிருந்து பெறுவதன்று என்று அம்பை காட்டிவிடுகிறார். அது முதலில் ஒருவர் கையிலிருந்து நமக்கு வருகிறது. தந்த கையே ஒரு சொல்லில் திரும்பப் பறித்துவிடவும் முடிகிறது.

பிறந்த மண்ணை விட்டு வாழும் நமக்கு இது மேலும் நெருங்கிய செய்தி. ஊரிலாயின் பாட்டி, அத்தை, அடுத்த வீட்டுக்காரி என்று பத்துப் பேர் பத்துவிதம் சொல்வர். ஒருத்தி பழித்தாலும் இன்னொருத்தி எடுத்துக் கொஞ்சுவாள். இங்கோ, வகுப்பில் 'காலீ' என்று இந்தியில் கேலி செய்யப்பட்டு வரும் பெண்ணுக்குத் தமிழில் மறுமொழி கூறப் பெரும்பாலும் தாய் ஒருத்தியே உள்ளாள். அந்த ஒருத்தியும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகுமுன் மகளின் முகத்தை வெளுக்கவைக்க முனைந்தால் அப்பெண் எந்த மொழியிற் போய் முறையிடுவாள்?

சென்ற ஆண்டு எங்கள் இலக்கிய வட்டத்தில் இக்கதையைப் படித்தோம். படித்து முடித்ததும் நடையைப் பற்றியும் குறியீடுகளைப் பற்றியும் ஆடவர் சிலர் அழகாகப் பேசினர். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். "பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, படம் எடுப்பவரிடம் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள் என்று சொன்னேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் குறுந்தொகை என்று முடிவாயிற்று. 27-ஆம் பாடலை யார் படித்து விளக்குவது என்று கேட்டபோது, அவரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.