பட்டியலிலேயே தோற்கும் கச்சேரி

மே மாதக் கடைசி வாரம் வந்தால் கோடை இசைப் பயிற்சிகளுக்கு நிறைவு விழா வந்துவிடும். பெற்றோர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்க, மேடையில் வரிசையாகப் பிள்ளைகள். பிள்ளையார் துதி, கீதம், வர்ணம், இரண்டு கீர்த்தனை, பாரதியார் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கடைசியில் தில்லானா. மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதாம்! அந்தப் பட்டியலை எழுதிய அன்றே பாதிக் கச்சேரி கைநழுவிவிடுகிறது.

இந்த விஷயத்தில் கொல்லிமலைக்குப் பழைய அனுபவம் உண்டு. மலைத் தலைவன் வல்வில் ஓரியைக் காட்டுவழியில் சந்தித்த கூத்தர் கூட்டத்தைப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுகிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப்போன கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்து வரும் மேடை ஏற்பாட்டை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முழவுக்கு மண் பூசு, யாழில் பண் கூட்டு, தூம்பை எடு, எல்லரியையும் ஆகுளியையும் தட்டு, பதலையை ஒரு பக்கம் மட்டும் மெல்ல இயக்கு. வாய் திறக்குமுன் இத்தனை கட்டளைகள். அதன்பிறகுதான் இருபத்தொரு துறைகளையும் முறையாகப் பாடி முடிக்கிறார்கள். அவர்கள் பிழைப்பே பாட்டு, பட்டியல் நீளலாம். மூன்று வார மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

நம் மேடைகளில் நடப்பது நேரெதிர். பட்டியல் நீளம், சுருதி சேர்க்க நேரமில்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை பிள்ளைகள் சேரலாம். இத்தனை வயதினரும் ஒரே சுருதியில் பாட வேண்டும். சிறுமிகளுக்கு ஐந்து கட்டைச் சுருதி இயல்பாக இருக்கும். குரல் உடைகிற பதினான்கு வயதுப் பையனுக்கு அதில் மேல் ஷட்ஜமம் எட்டாது. கீழே இறங்கி முனகுவான், அல்லது வாயை மட்டும் அசைப்பான். அடுத்தது காலப்பிரமாணம். பல்லவியில் நிதானமாகக் கிளம்பிய ஆதி தாளம் சரணத்துக்குள் ஓட்டமெடுக்கும். பதற்றம் வந்தால் கைதான் முதலில் முந்துகிறது. மிருதங்கக்காரர் இழுத்துப் பிடித்தால் உண்டு. அவரும் மாணவரென்றால் சேர்ந்தே ஓடுவார்.

சுமை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் 1940 ஜூலை 8 அன்று இசைக்குழு நடத்துநர் செர்ஜ் கூசவிட்ஸ்கியின் கோடை இசைப் பயிற்சி தொடங்கியது. திறப்பு விழாவுக்காக ராண்டல் தாம்சன் எழுதிய சேர்ந்திசைப் பாடல் கடைசி நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தது. மாணவர்கள் ஒத்திகை பார்க்க ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் பாடிவிட்டார்கள். கிட்டத்தட்ட பாடல் முழுக்க 'அல்லேலூயா' என்ற ஒரே சொல்தான். மனப்பாடம் செய்யச் சாகித்தியமே கிடையாது. கவனம் முழுவதும் சுருதிக்கும் குரல் ஏற்ற இறக்கத்துக்கும் போனது. அதே வாரம் 21 வயது மாணவர் லெனார்டு பெர்ன்ஸ்டைன் மாணவர் இசைக்குழுவை நடத்தினார். அவரிடம் இருந்ததும் தாம்சனின் ஒரே ஒரு சிம்பொனி.

1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கும் அமெரிக்க நகரம் கிளீவ்லாந்து இன்னொரு வழி பிடித்தது. 'சஸ்டெய்னிங் சம்பிரதாயா' திட்டத்தில் அமெரிக்காவில் வளரும் பிள்ளைகள் மூத்த வித்வான்களிடம் தொலைவிலிருந்தே பல மாதம் பாடம் கேட்டு, பிறகு ஒரே மேடையில் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு ஊற அவகாசம் கிடைக்கிறது.

கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு, கலை நிகழ்ச்சிகளும் உண்டு. மே மாதப் பயிற்சியை முடித்த கையோடு மேடையேற்றாமல், சுற்றுவட்டாரப் பிள்ளைகளை இரண்டே பாட்டுகளோடு அந்த மேடைக்கு அனுப்பிப் பார்க்கலாம். இரண்டு மாதம் பாட்டு வீட்டிலேயே புழங்கும். ஒரே எச்சரிக்கை: சாப்பாட்டுப் பந்தியைக் கச்சேரிக்குப் பிறகு வையுங்கள். ஓரியிடம் வயிறாரப் பெற்ற கூத்தர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துபோனதாக அதே வன்பரணர் அடுத்த பாட்டிலேயே எழுதியிருக்கிறார்.